தலைக்கு மேல் ஒரு சாண்

துரியனுக்குக் கண் உண்டு என்பது மேடான் நகரத்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். எத்தனை உயரத்தில் பழுத்தாலும், எத்தனை முள்ளோடு தொங்கினாலும், கீழே ஆள் நின்றால் அது காம்பை விடாது, ஆள் நகர்ந்த பிறகுதான் விழும் என்று மலாய்க்காரர் சொல்லி, பத்தாக்காரர் சொல்லி, சீனர் சொல்லி, நாங்களும் நாலு தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். இந்த ஊரில் இத்தனை சாதி சனமும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட விஷயம் அது ஒன்றுதான். அப்படிப்பட்ட ஊரில் அப்படிப்பட்ட பழத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட ஒரே மனிதன் அடியேன். பெயர் சவரிராயன், தொழில் சந்தையில் ஈர மசாலா அரைத்து விற்பது, பொழுதுபோக்கு வீறாப்பு.

வாய் எங்கள் பரம்பரைச் சொத்து. தெலி ஆற்றங்கரைப் பக்கம் முழுக்கப் புகையிலைத் தோட்டமாக இருந்த காலத்தில் என் பூட்டன் மாட்டுவண்டி ஓட்ட வந்தார். ஐரோப்பாவில் துரைமார் பிடித்த சுருட்டுக்கு மேலே சுற்றுகிற இலை இந்த மண்ணில்தான் விளைந்தது, இலை கப்பலேறிப் போய்ப் புகையாய்ப் போனது, அதை வெட்டியவனும் கட்டியவனும் வண்டியில் ஏற்றியவனும் இங்கேயே தங்கிவிட்டான். வண்டியை விட வாய் வேகமாக ஓடுகிறது என்று துரை ஒருத்தன் அவருக்கு அபராதம் போட்டானாம். அபராதம் என்ன ஆனதோ தெரியாது, வாய் மட்டும் குறையாமல் என்னிடம் வந்து சேர்ந்தது.

எனக்கு ஒரே மகள், பிரகாசி. மருந்துக்கடையில் வேலை. சின்னதில் என் கடையில் மிளகாய்க் கூடைக்கும் மஞ்சள் கூடைக்கும் நடுவில் உட்கார்ந்து பாடம் எழுதுவாள், அவள் நோட்டுப் புத்தகம் எல்லாம் மஞ்சள் வாசம் அடிக்கும். அந்தாலிமான் என்று ஒன்று இருக்கிறது, பத்தாக் மலையில் விளைகிற குட்டி மிளகு, கடித்தால் நாக்கு மரத்துப்போகும். ஏழு வயதில் ஒன்றை எடுத்துக் கடித்துவிட்டு, "அப்பா, என் நாக்கு எங்கப்பா? காணோம்பா!" என்று சந்தையே கூடும்படி அழுதாள். நான் மசாலா மேசைக்கு அடியில் எல்லாம் தேடுவதுபோலத் தேடி, கடைசியில் புளிக்கூடையிலிருந்து எடுத்து அவள் வாயில் வைப்பதுபோல வைத்தேன். அன்றையிலிருந்து அவளுக்கு அது ஆகாது. இது எனக்கும் அவளுக்கும் மட்டும் தெரிந்த சங்கதி, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் நான் செய்த அயோக்கியத்தனம் இதில்தான் வரப்போகிறது.

பிரகாசி ஒரு பத்தாக் பையனை விரும்பினாள். தோகார் பாக்பாஹான், பள்ளிக்கூட வாத்தியார், அமைதியான பையன், மேடான்காரன் இவ்வளவு மெதுவாகப் பேசுவானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அவர்களும் வேதக்காரர், நாங்களும் வேதக்காரர், சாமியில் தகராறு இல்லை. தகராறு வழக்கத்தில் வந்தது. பத்தாக்காரர்களுக்குக் குலப்பெயர் இல்லாதவள் மணவறை ஏற முடியாது. வெளியிலிருந்து வருகிற பெண்ணை ஒரு குலத்துக்காரர் மகளாக எடுக்க வேண்டும், மீன் ஊட்டி, தலையில் அரிசி தூவி, தோளில் உலோஸ் என்கிற நெசவுத் துணி போர்த்தி எடுக்க வேண்டும், அதற்குப் பிறகு கல்யாண மேடையில் பெண்ணின் தகப்பனாக உட்காருவது அவர்தான். பிரகாசியை எடுக்க முன்வந்தவர் தோகாரின் தாய்மாமன், மனஹான் சித்திஞ்சாக், முன்னாள் லாரி டிரைவர், ஆள் ஒரு அலமாரி, குரல் லாரி ஹாரன்.

சிமாலிங்காரில் தோகார் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து இரண்டு பக்கமும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். காப்பி வந்தது, வாழைப்பழப் பஜ்ஜி வந்தது, மேடானில் எந்தக் காரியமும் அது இல்லாமல் நடக்காது என்பதால் பிக்கா ஆம்போனும் வந்தது, அதாவது தேன்கூடு மாதிரி உள்ளே துளைதுளையாக இருக்கும் மஞ்சள் கேக். பத்தாக்காரர்கள் தாங்களாகப் பேச மாட்டார்கள், பேசுவதற்கென்றே ஒரு பெரியவரை வைத்திருப்பார்கள். வாயில் பல்குச்சியோடு அந்தப் பேச்சுக்காரர் ஒரு மணி நேரம் செய்யுளும் பழமொழியுமாகச் சொன்னதன் சாரம் இவ்வளவுதான்: மேடையில் மனஹான் உட்காருவார், நானும் என் மனைவி தெரேசம்மாளும் பக்கத்தில் உட்காரலாம்.

"பக்கத்துல" என்றேன்.

"பக்கத்தில்" என்றார் அவர். பிறகு தட்டிலிருந்து ஒரு துண்டு கேக்கை எடுத்துக் காட்டினார். "இதன் பெயரில் ஆம்போன் இருக்கிறது. ஆம்போன் எங்கே இருக்கிறது? கடல் தாண்டி, தீவு தாண்டி, கப்பலில் நாள் கணக்காகப் போக வேண்டும். அதனால் இது மேடான் பண்டம் இல்லை என்று யாராவது சொல்வார்களா? பெயர் எங்கிருந்தோ வரும், அடுப்பு நம்முடையதுதான்."

நல்ல பேச்சு. இப்போது நினைத்தால் தலை வணங்கலாம். அன்றைக்கு எனக்கு வயிறு எரிந்தது. "எம் மகள் பணியாரம் இல்ல!" என்று எழுந்தேன், கோபத்தில் வாசல் தெரியாமல் பின்வாசல் வழியாக வெளியேறி, கொல்லையில் போய் நின்றேன். அங்கே ஒரு துரியன் மரம், உச்சியில் ஒரே ஒரு பழம். திரும்பி உள்ளே போனால் மானக்கேடு, சுவர் ஏறிக் குதிக்க உடம்பு இடம் கொடுக்காது. அதனால் அங்கேயே நின்று கையைத் தூக்கிக் கத்தினேன்:

"இந்தத் துரியன் எந்தலையில விழட்டும்! அன்னைக்கு எம் மகளை உங்களுக்குத் தூக்கிக் குடுக்கிறேன்!"

காக்கை வெள்ளையாகட்டும் என்பார்களே, அந்த மாதிரி. துரியன் ஆள் மேல் விழாது என்பது ஊரறிந்த விஷயம், ஆகவே 'ஒருக்காலும் முடியாது' என்பதைத்தான் அழகாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். டக் என்று ஒரு சத்தம். மேலே பார்த்தேன். பழம் காம்பை விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது, அவசரமில்லாமல், நேராக, என் மூஞ்சியைக் குறிவைத்து. ஓட வேண்டும் என்று தோன்றுவதற்குள் என் உச்சந்தலைக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் வந்து நின்றுவிட்டது. நான் ஒரு அடி நகர்ந்தேன், அதுவும் ஒரு அடி நகர்ந்தது. குனிந்தேன், அதுவும் இறங்கியது. நிமிர்ந்தேன், அதுவும் ஏறியது. ஒரு சாண், கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லாரும் கொல்லைக்கு வந்தார்கள். பேச்சுக்காரர் பல்குச்சியை எடுத்துவிட்டுச் சுற்றி வந்து பார்த்தார். "விழுந்துவிட்டது" என்றார் மாப்பிள்ளை வீட்டில் ஒருத்தர். "எங்க விழுந்துச்சு? நிக்கிதுல்ல!" என்றாள் தெரேசம்மாள். மரத்தை விட்டதால் விழுந்தது என்று அவர்களும், தலையைத் தொடாததால் விழவில்லை என்று நாங்களும் வாதாடினோம். மரத்தில் இருக்கும் வரை பழம் மரத்துக்காரனுக்கு, தரைக்கு வந்தால் எடுத்தவனுக்கு, நடுவில் நிற்பதற்கு எங்கள் வழக்கத்தில் விதியில்லை என்று பேச்சுக்காரர் ஒத்துக்கொண்டார். தோகார் நாற்காலி மேல் ஏறி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தான், அசையவில்லை, அதற்கும் பெரியவர் அவனைத் திட்டினார்: "பறித்துத் தின்பது சயாம்காரன் பழக்கம், நாம் தானாக விழுந்ததைத்தான் தின்போம்." பிறகு எல்லாரும் உள்ளே போய் இன்னொரு சுற்றுக் காப்பி குடித்தோம். நான் நிமிர்ந்து உட்கார்ந்து குடித்தேன். மகளாக எடுக்கும் சடங்கு அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை என்று ஏற்கெனவே குறித்திருந்தது, அதற்குள் பழம் ஒரு முடிவுக்கு வரும் என்று கலைந்தோம்.

ஊர் அதிசயப்பட்டிருக்கும் என்று நினைக்கிறீர்களா? மைமூன் அரண்மனைக்குப் பக்கத்தில் சின்ன வீடு கட்டி ஒரு பாதிப் பீரங்கியை வைத்திருக்கிறார்கள். ஒரு இளவரசன் தங்கையைக் காப்பாற்றப் பீரங்கியாக மாறி, சுட்டுச் சுட்டுச் சூடேறி இரண்டாக உடைந்து, ஒரு பாதி மலைக்குப் பறந்துபோய் மறுபாதி இங்கே கிடப்பதாகச் சொல்லி அதற்குப் பூப்போடுகிற ஊர் இது, ஒரு மசாலாக்காரன் தலைமேல் நிற்கும் துரியனைப் பார்த்தா மூச்சடைக்கப் போகிறது? வேன்காரன், "பழத்தோடு ஏறினால் வண்டியில் வாசம் தங்கிவிடும், படியில் நின்று வா" என்றான். பெரிய கடை வாசலில் துரியன் படத்தின் மேல் சிவப்புக் கோடு போட்ட அறிவிப்பைக் காட்டிக் காவல்காரர், "ஐயா வரலாம், மேலே இருப்பது வர முடியாது" என்று மரியாதையாகச் சொன்னார். வார்டு தலைவர் படிவத்தோடு வீட்டுக்கே வந்தார்: விருந்தாளி இருபத்துநாலு மணி நேரத்துக்கு மேல் தங்கினால் பதிவு செய்ய வேண்டுமாம், பெயர் என்ற இடத்தில் துரியன் என்றும், வந்த நோக்கம் என்ற இடத்தில் சற்று யோசித்துக் குடும்ப விஷயம் என்றும் எழுதிக்கொண்டு, தெரேசம்மாள் கொடுத்த தேநீரையும் குடித்துவிட்டுப் போனார்.

துரியன் வியாபாரிகள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தன் மூக்கை வைத்தான், ஒருத்தன் கத்திப்பிடியால் தட்டிக் காது கொடுத்தான், ஒருத்தன் தூரத்தில் நின்றே, "இனிப்பா, கசப்பா?" என்று என்னிடம் கேட்டான். எங்கள் ஊரில் துரியன் கடையில் முதல் கேள்வியே அதுதான். வெளியூர்க்காரன் இனிப்பு கேட்பான், மேடான்காரன் கசப்பு கேட்பான். "அது எனக்கு எப்படித் தெரியும்?" என்றேன். "தலைக்கு மேல இருக்கிறதே தெரியலன்னா உள்ள இருக்கிறது எப்படித் தெரியும்" என்று முணுமுணுத்துக்கொண்டு போனான்.

கம்போங் மதராஸில் எங்கள் ஆட்கள் கூடி ஆளுக்கொன்று சொன்னார்கள். பங்குச் சாமியார் இது சோதனை என்றார், என்ன சோதனை என்று கேட்டதற்கு, பாஸானால் தெரியும் என்றார். தெரேசம்மாள்தான் முதல் நாளே உண்மையைச் சொன்னாள்: "தலைக்கு மேல போனா சாண் என்ன, முழம் என்ன? வாயத் திறந்து சரின்னு சொல்லித் தொலைங்களேன்." நான், "பழம் விழட்டும், பார்க்கலாம்" என்றேன். அந்த ஒன்பது நாளும் எனக்கு அந்த ஒரு பதில்தான். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்கு அது பிடித்தும் இருந்தது. சந்தையில் ஆட்கள் வந்து என்னோடு படம் எடுத்தார்கள், மசாலா வாங்காதவன்கூட நின்று பேசினான், நானும் மூக்கை உயர்த்தி, கழுத்தை நீட்டி, பல்லக்கில் போகிற மாதாவைப் போல நடந்தேன். நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன். கழுத்து வலி உயிர் போனது, அதையும் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன்.

பிரகாசி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் மஞ்சள் ஹெல்மெட் ஒன்றை வாங்கி வந்து, எட்டி என் தலையில் மாட்டி, வாரை இழுத்துப் பூட்டி, "இறுக்கமா இருக்காப்பா?" என்று மட்டும் கேட்டாள். அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சண்டையில் எப்படியாவது ஒரு முடிவு வந்திருக்கும். கத்தாத பிள்ளையை வைத்துக்கொண்டு ஒரு தகப்பன் என்னதான் செய்வது? இருபத்தாறு வருஷம் என்னை அப்பா என்று கூப்பிட்டவள், சனிக்கிழமைக்குப் பிறகு இன்னொருத்தனையும் அப்படிக் கூப்பிடப் போகிறாள் என்ற நினைப்பு எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது. அதை அவளிடம் சொல்லாமல் துரியனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை காலை மனஹான் சித்திஞ்சாக் என் கடைக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். வேட்டைக்கு வந்த புலி பட்டிக்குள்ளேயே வந்து நின்றால் ஆடு என்ன செய்யும், நான் மிளகாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"லாயே" என்றார். மைத்துனன் என்று அர்த்தம், மேடானில் முன்பின் தெரியாதவனையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் அவர் சொன்னபோது அதில் கொஞ்சம் அர்த்தமும் இருந்தது. "சனிக்கிழமை மீனுக்கு மசாலா வேண்டும். நம் சடங்கு மீன், கெண்டை, முழுசாக வைத்து மஞ்சள் மசாலாவில் வற்றவிடுவோமே, அர்சிக். என் மனைவி வீட்டிலேயே அரைக்கிறேன் என்றாள். நான்தான், இல்லை, அது பிரகாசியின் அப்பா கையால் அரைத்ததாக இருக்கட்டும் என்றேன்."

"ம்" என்றேன்.

"எனக்கு நாலு பையன்கள், லாயே. நாலு பேரும் சாப்பிடுவார்கள், ஏப்பம் விடுவார்கள், போய்விடுவார்கள். நாள் முழுக்க வீட்டில் என் குரல் மட்டும்தான் கேட்கும், அதுவும் சத்தமான குரல். ஒரு மகள் இருந்தால் நன்றாக இருக்கும் என்று நானும் என் மனைவியும் முப்பது வருஷமாகப் பேசிக்கொள்வோம்." சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் பென்சிலும் எடுத்தார். "பிரகாசிக்கு எது பிடிக்கும், எது ஆகாது? முதல் தடவை என் கையால் ஊட்டப் போகிறேன், தப்பாகிவிடக் கூடாது."

இங்கேதான் அந்த அயோக்கியத்தனம். நல்ல மனுஷன், பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டு காத்திருந்தார், நான் அவர் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்: "அந்தாலிமான். அந்தாலிமான்னா அவளுக்கு உயிரு. அள்ளிப் போட்டாத்தான் சாப்பிடுவா."

'அந்தாலிமான், உயிர்' என்று எழுதிக்கொண்டார். நானே அரைத்தேன், நாலு மீனுக்குப் போதுமான அந்தாலிமானை ஒரு மீனுக்குப் போட்டு அரைத்தேன். அவள் ஒரு வாய் வாங்கித் துப்பிவிடுவாள், துப்பினால் சடங்கு நிற்கும், சடங்கு நின்றால் அவள் என் மகளாகவே இருப்பாள் என்பது என் கணக்கு. தலைக்கு மேலே துரியன் வாசம் அன்றுதான் கும்மென்று கிளம்பியது. பழுத்துவிட்டது என்றார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். வாழை இலையில் மடித்து மசாலாவை நீட்டினேன், அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை அவர் வீட்டுக் கூடம் நிரம்பி வழிந்தது. நான் பட்டுச் சட்டையும் மஞ்சள் ஹெல்மெட்டும் துரியனுமாக உட்கார்ந்திருந்தேன், யாரும் சிரிக்கவில்லை, பின்னால் இருந்தவர்கள் மட்டும் மறைக்கிறது என்று கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார்கள். பேச்சுக்காரர் செய்யுள் சொல்லி முடித்தார். தட்டில் சோற்றின் மேல் முழு மீன், தலை பிரகாசியைப் பார்த்து. மனஹானும் அவர் மனைவியும் தட்டைப் பிடித்துக்கொள்ள, அவர் அந்தப் பெரிய விரல்களால் முள் பார்த்துப் பார்த்து ஒரு துண்டு கிள்ளி, சோற்றோடு உருட்டி, அவள் வாயில் வைத்தார்.

பிரகாசி மென்றாள். மெல்லுவது நின்றது. அவள் மூக்கு சிவந்தது, நெற்றி வேர்த்தது, கண்ணிலிருந்து தாரை தாரையாக நீர் கொட்டியது. நான் ஹெல்மெட் வாரைப் பிடித்துக்கொண்டு, துப்பு, துப்பு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் விழுங்கினாள். கூட்டத்தில் பெண்கள், "ஐயோ பாவம், பிள்ளை உருகுது" என்று மூக்கைச் சிந்தினார்கள். மனஹானும் அழுதார், லாரி ஹாரன் குரலில் அழுதுகொண்டே எல்லாருக்கும் சொன்னார்: "அவளுக்குப் பிடித்த மசாலா! அவள் அப்பா சொல்லி, அவர் கையாலேயே அரைத்தது!"

அப்போது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். புரிந்துவிட்டது, அவ்வளவுதான் அதில் இருந்தது. என்னைப் பார்த்தபடியே இரண்டாவது வாயையும் வாங்கினாள், மூன்றாவது வாயையும் வாங்கினாள், மூன்றையும் விழுங்கினாள், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. என் ஐம்பத்திரண்டு வயதில் நான் அவ்வளவு சின்னவனாக என்றைக்கும் இருந்ததில்லை.

அரிசி தூவினார்கள். அவள் தலையில் விழுந்தது, தெரேசம்மாள் தலையில் விழுந்தது, எனக்குத் தூவியது முழுக்கத் துரியன் முள்ளில் சிக்கிக்கொண்டது. பேச்சுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பெற்றவர் சொல்ல வேண்டும். பழம் இன்னும் விழவில்லை, எங்களுக்கும் தெரிகிறது. ஆனாலும் கேட்பது எங்கள் கடமை."

நான் ஹெல்மெட்டைக் கழற்றினேன். "ஏங்க!" என்று தெரேசம்மாள் சட்டையைப் பிடித்தாள், உதறிவிட்டு எழுந்து, எல்லாரையும் தாண்டிப் போய் பிரகாசிக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தேன். பெரிய பேச்சு ஒன்று தயாரித்து வைத்திருந்தேன், பூட்டன், மாட்டுவண்டி, நாலு தலைமுறை எல்லாம் அதில் இருந்தது. அதில் ஒரு வார்த்தையும் வாயில் வரவில்லை.

"பிரகாசி" என்றேன். "நாக்கு இருக்காம்மா?"

"இழ்ழப்பா" என்றாள். நாக்கு மரத்துப்போய்ச் சொல் குழறியது. "காணோம்பா."

அழுகை வந்துவிட்டது எனக்கு. எங்கள் வழக்கப்படி அவள் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வாதம் கொடுக்கலாம் என்று கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தேன், அவளும் சாய்ந்தாள், அவள் தலை என் தலைக்குக் கீழே வந்தது. டக். அதே சத்தம். ஒன்பது நாள் கேட்காமல் இருந்த சத்தம். கண் இருக்கிறது, ஆள் மேல் விழாது என்று நாலு தலைமுறையாகச் சொல்லி வந்ததெல்லாம் அந்த நொடியில் எனக்கு மறந்துபோய்விட்டது, இரண்டு கையையும் அவள் தலைக்கு மேலே நீட்டி வெறுங்கையால் அதைப் பிடித்தேன்.

துரியனை வெறுங்கையால் பிடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பிடிக்காதீர்கள். "ஐயோ!" என்று நான் போட்ட சத்தத்தில் கொல்லையில் கோழி பறந்ததாம். கனத்தில் கை தாழ்ந்தது, பழம் அவள் தலையை நோக்கி இறங்கியது, அதற்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து இரண்டு பெரிய கைகள் வந்து என் கைகளுக்குப் பக்கத்தில் அதே முள்ளை அப்படியே பற்றிக்கொண்டன. "அமாங்!" என்று அலறினார் மனஹான். அமாங் என்றால் அப்பா. பத்தாக்காரருக்கு வலித்தால் வாயில் வருவது அதுதான்.

"விடுங்கள் லாயே, நான் பிடித்துக்கொள்கிறேன்!"

"நீங்க விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்!"

இரண்டு பேரும் விடவில்லை. நாலு கையிலும் ரத்தம் வழிய, ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கொண்டு, ஐயோ என்றும் அமாங் என்றும் மாறி மாறிக் கத்திக்கொண்டு அப்படியே இருந்தோம். கீழேயிருந்து பிரகாசி நகர்ந்து வெளியே வந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு, குழறின நாக்காலேயே சொன்னாள்: "ரெண்டு பேரும் ஒண்ணா கீழ வைங்க."

வைத்தோம். பாயில் பட்டதும் தானாக வெடித்தது. பேச்சுக்காரர் குனிந்து பார்த்து, தலையிலும் விழவில்லை, தரையிலும் விழவில்லை, தகப்பன்மார் கையில் விழுந்தது, இதற்கும் வழக்கத்தில் விதியில்லை, ஆகவே இனிமேல் இதுவே விதி என்று சொல்லி முதல் சுளையைப் பிரகாசிக்குக் கொடுத்தார். "எவ்வளவு இனிப்பு?" என்று பெண்கள் கேட்டார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியல" என்று அவள் சிரித்தாள். நான் ஒரு சுளை வாயில் வாங்கினேன். நல்ல கசப்பு, மேடான்காரன் கேட்டு வாங்குகிற கசப்பு. மனஹான் கையால் எடுக்க முடியாமல் வாயைத் திறந்தார், நானும் கையால் எடுக்க முடியாததால் தெரேசம்மாள் இரண்டு பேருக்கும் ஊட்டிவிட்டாள்.

அன்று சாயங்காலம் பிரகாசியே மருந்துக்கடையிலிருந்து துணி கொண்டுவந்து, முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து, நாலு கைக்கும் கட்டுப் போட்டாள். முதலில் யாருக்கு என்று நான் கவனித்தேன், பொய் சொல்லவில்லை. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று போட்டாள்.

கல்யாணத்தன்று மேடையில் மனஹான் உட்கார்ந்தார், பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். பத்தாக் கல்யாணம் என்றால் ஆயிரம் பேர் வந்து கை குலுக்குவார்கள். வரிசையில் எங்கிருந்தோ தூரத்து ஊரிலிருந்து வந்த ஒரு கிழவி, எங்கள் முன்னால் நின்று தோகாரிடம் சத்தமாகக் கேட்டாள்:

"பெண்ணோட அப்பா யாருப்பா?"

"கையில் கட்டுப் போட்டிருக்கிறவர், பாட்டி" என்றான் தோகார், அவனுடைய மெதுவான குரலில்.

கிழவி என் கையைப் பார்த்தாள், மனஹான் கையைப் பார்த்தாள், சரி என்று தலையாட்டினாள், இரண்டு பேர் கையையும் சேர்த்துப் பிடித்து மலைக்காரர்கள் குலுக்குகிற மாதிரி ஒரு குலுக்கு குலுக்கினாள்.

"ஐயோ!" என்றார் மனஹான்.

"அமாங்!" என்றேன் நான்.